பழுப்பு மணியில் ஒரு கட்டு

கம்பி ஒரு வெள்ளைத் துண்டின்மேல் கிடந்தது. ஒரு முழ நீளம், செம்பு, ஊதுபத்திக் குச்சியைவிட மெல்லியது. இரண்டு முனையும் எதையும் தொடவில்லை. சவரிமுத்து அதை மூன்றாவது தடவையாகச் சரிபார்த்தான். இந்த முனை துண்டின் மடிப்போடு நின்றுவிடுகிறது, அந்த முனை மேசை விளிம்புக்கு வரவேயில்லை, சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் எட்டடி தள்ளி, அதில் எதுவும் செருகவில்லை, மேசை மரம், தரை காய்ந்திருக்கிறது. வெறும் கம்பி. தோடும் வளையலும் செய்கிற கம்பி. இதில் ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒன்றுமில்லை என்றுதானே அன்றைக்கும் நினைத்தாய் என்று உள்ளேயிருந்து உடனே ஒரு கேள்வி வந்தது. வலது கை மேசைக்கு அடியில், தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒளிந்துகொண்டிருந்தது. அதைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வருமா? உறையூரில் ஒரு வீட்டு மாடி, சனிக்கிழமை மத்தியானம், மேசையைச் சுற்றி மூன்று பெண்கள், கம்பியில் நகை செய்யச் சொல்லிக்கொடுக்க நஸ்ரின் என்கிற இருபத்தாறு வயதுப் பெண், நடுவில் நாற்பத்துநாலு வயதில் அவன் ஒருத்தன்தான் ஆண். மற்ற மூன்று பேரும் கம்பியை எடுத்து வளைக்கத் தொடங்கிவிட்டார்கள். யாரும் அலறவில்லை. யாரும் விழவில்லை. அது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. இப்படியா எடுப்பார்கள், பார்க்காமல், கேட்காமல், வெண்டைக்காயைப் பொறுக்குவது மாதிரி?

வகுப்புக்குப் பேர் கொடுத்ததே அவன் மனைவி பிலோமினாதான். கைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், நரம்பெல்லாம் சரியாகிவிட்டது, இனி விரலுக்கு நுணுக்கமான வேலை கொடுங்கள், பூத்தொடுப்பதோ பின்னுவதோ எதுவானாலும் சரி என்று சொல்லியிருந்தார். நரம்பு சரியாகிவிட்டது என்று சொல்லும்போது அவர் அவன் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். மிச்சமிருப்பது கையில் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பதினான்கு மாதமாக அவன் ஒரு கம்பியைத் தொட்டதில்லை. துணி காயப்போடும் கொடிகூடக் கம்பிக்கொடி என்பதால் பிலோமினா நைலான் கயிறு கட்டிவிட்டாள். போனுக்குச் சார்ஜ் போடுவது அவள். ஃபேன் போடுவது அவள். அவள் வேலைக்குப் போய்விட்டால் மே மாத வெயிலிலும் வியர்த்தபடி உட்கார்ந்திருப்பான், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து கரண்ட் இல்லையா என்று கேட்டால் இல்லை என்பான், அவர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கினவன். எந்தத் தெருவில் எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன். இப்போது தெருவில் நடக்கும்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை, நிழலைப் பார்க்கிறான், ரோட்டில் குறுக்கே விழும் கம்பி நிழலைக்கூடத் தாண்டித்தான் போகிறான். நான் எனக்காகப் பேர் கொடுத்திருந்த கிளாஸுக்குப் போக முடியவில்லை, டூட்டி மாத்திவிட்டார்கள், வீணாகப் போகிறது, போய் உட்கார்ந்துவிட்டாவது வாருங்கள் என்று காலையில் அவள் சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரியும். பேரே அவன் பேரில்தான் இருந்தது. நோட்டில் நஸ்ரின் டிக் அடித்தபோது தலைகீழாகவே படித்துவிட்டான். அவள் பொய் சொன்னது அவனைத் தொந்தரவு செய்யவில்லை. எவ்வளவு லேசாகச் சொன்னாள், சொல்லிவிட்டு எப்படித் தலை சீவப் போனாள் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. சிலர் பொய் அப்படி. பூ மாதிரி வைத்துவிட்டுப் போய்விடலாம்.

“எடுங்கண்ணா” என்றாள் நஸ்ரின். பின்னால் வந்து நிற்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. எடுக்கிறேன் என்று சொல்ல நினைத்தான், நாக்கில் அன்றைக்கு இருந்த அதே ருசி, பழைய நாணயத்தை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி. அவள் என்ன ஏதென்று கேட்கவில்லை. அவன் கம்பியை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, கையை நீட்டி, சும்மா நின்றாள். கம்பி அவள் கையில் கிடந்தது. அவள் மணிக்கட்டில் கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று இடித்து மெல்லச் சத்தம் போட்டது. கரண்ட் கம்பியை ஒருவர் தொட்டுக்கொண்டிருக்கும்போது அவரை நேராகத் தொடக்கூடாது, காய்ந்த கட்டையால் தள்ள வேண்டும், முதலில் சப்ளையை நிறுத்த வேண்டும் என்று அவன் மனசு வேகமாக ஒப்பித்தது, எத்தனை புதுப் பசங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். இடது கை முதலில் போனது. ஒரு விரல். அப்புறம் இரண்டு. செம்பு அவள் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது, அதுதான் அவனைத் திடுக்கிட வைத்தது, குளிர்ச்சியாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தான். தோள் வரைக்கும் ஒரு உதறல் போய் வந்தது. அது கரண்ட் இல்லை, அவனேதான். பக்கத்தில் இருந்த அம்மா தன் கம்பியிலிருந்து கண்ணெடுக்காமல், எனக்கும் முதல் நாள் கை நடுங்கிச்சு சார், குறடு நழுவி காப்பியில விழுந்துடுச்சு என்று சொன்னார். அவன் சிரிக்க முயன்றான். வலது கை தொடைக்கடியிலிருந்து வெளியே வந்தது. அதன் உள்ளங்கையில் பளபளவென்று ஒரு தழும்பு, சுண்டுவிரலும் பக்கத்து விரலும் பாதிதான் மடங்கும். யாரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

புதிதாக வந்த அவனுக்கு முதல் பாடம் ஒரு சின்ன வளையம். மூக்கு உருண்டையாக இருக்கும் குறடால் கம்பியின் நுனியைப் பிடித்து ஒரு சுற்று சுற்ற வேண்டும், தோட்டில் மணி தொங்குவது அதில்தான். அவன் பிடித்த பிடியில் கம்பி நசுங்கியது. இன்னொன்று கொடுத்தாள், அதுவும் நசுங்கியது. “நெரிக்காதீங்கண்ணா. அது எங்கயும் ஓடிப்போகாது” என்றாள். ஓடாதா? கம்பியில் இருப்பது ஓடிக்கொண்டேதான் இருக்கும் அம்மா, நிற்கிறது என்று நாம் நினைக்கிற நேரத்தில்தான் வரும், வராது என்று நம்புகிற பக்கத்திலிருந்து வரும். அன்றைக்கு அப்படித்தான் வந்தது. ராத்திரி அடித்த காற்றில் புளியமரக் கிளை முறிந்து லைன் அறுந்து கிடந்தது. கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கும் அவர்கள் இரண்டு பேர், அவனும் காசிநாதனும், காலை ஏழு மணியிலிருந்து கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். சப்ளை நிறுத்தியாச்சு என்று போனில் உறுதியாகச் சொன்னார்கள், அது உண்மையும்கூட, அந்தப் பக்கம் நிறுத்தித்தான் இருந்தார்கள். ஆனால் கோடியில் ஒரு கல்யாண மண்டபம், கரண்ட் இல்லையென்று அங்கே ஜெனரேட்டர் போட்டார்கள், அவர்கள் வயரிங்கில் இருந்த கோளாறால் அந்தக் கரண்ட் வெளியே வந்து செத்த லைனில் ஏறியது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. பேப்பரில் வந்தது. விசாரணையில் எழுதினார்கள். மேலே காசி கம்பியை, அதைத் தாங்கும் பீங்கான் குமிழோடு வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான், மிச்சக் கம்பி கீழே சவரிமுத்துவின் வலது கையில். சத்தம் பெரிசாக ஒன்றும் இல்லை. சிலேட்டில் நகம் பட்ட மாதிரி. காசி கூப்பிடக்கூட இல்லை. இங்கே, குறடின் மூக்கில், வளையம் மூன்றாவது முறை பாதி வட்டம் வந்தது. பாதி வட்டத்தில் அவன் கை நின்றுவிட்டது.

எல்லோருக்கும் தெரிந்த கதை இதுவரைக்கும்தான். இதற்கு முன்னால் ஒரு ஐந்து நிமிஷம் இருக்கிறது, அதற்குள் அவன் மனசு போகும், வாசல் வரைக்கும் போய் செருப்பைக் கழற்றாமல் திரும்பி வந்துவிடும், மறுபடி போகும். எர்த் ராடு என்று ஒன்று உண்டு. நீளமான தடி, நுனியில் கொக்கி, கொக்கியிலிருந்து ஒரு வயர் இறங்கித் தரைக்குள் போகும். யாராவது மேலே ஏறுவதற்கு முன் அதை லைனில் மாட்டிவிட வேண்டும். மாட்டிவிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து எது வந்தாலும் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் போய்விடும். மாட்ட ஐந்து நிமிஷம். அன்றைக்கு ராடு வண்டியில் இருந்தது. வண்டி நிழலுக்காகக் கொஞ்சம் தள்ளி நின்றது. காசி காலையிலிருந்து சாப்பிடவில்லை, இரண்டு பேருமே சாப்பிடவில்லை. கடைசிக் கம்பம். பசிக்குதுண்ணே, ஒரே கட்டுதான், ஏறிடவா என்று கேட்டான். கேட்டான், அதுதான். தானாக ஏறவில்லை. ஏறும் முன் நின்று, ஒரு காலை ஏணியில் வைத்துக்கொண்டு, திரும்பி அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டான். சவரிமுத்து வண்டி இருந்த பக்கம் பார்த்தான். அறுபதடி, எழுபதடி இருக்கும். வெயில். “ஏறு” என்றான். ஆஸ்பத்திரியில் கையில் கட்டோடு கிடந்தபோது ஒரு அதிகாரி ஃபைலோடு வந்து உட்கார்ந்து, ராடு போட்டீங்களா என்று கேட்டார். போட்டேன் சார். எவ்வளவு சீக்கிரம் வந்தது அந்தப் பதில். அவர் எழுதிக்கொண்டார். போட்ட ராடு எப்படி வேலை செய்யாமல் போனது என்று அவர் கேட்பார், கேட்டே தீர்வார் என்று காத்திருந்தான், அவர் கேட்கவில்லை, ராடு பழசு போல, சரியா மாட்டாம நழுவியிருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டு பேனாவை மூடினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு காசியின் மனைவி அமுதா எடமலைப்பட்டி புதூரிலிருந்து பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்தாள். அவளுடைய வெறும் நெற்றியைப் பார்க்க முடியாமல் அவன் பிளாஸ்க்கையே பார்த்தான். நீங்களாவது பொழைச்சீங்களேண்ணே என்றாள். அவன் கஞ்சியைக் குடித்தான். குடித்து முடிக்கும்வரை அவள் பக்கத்தில் நின்றாள். அதிலிருந்துதான் பயம். கரண்டைப் பார்த்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள், பிலோமினாவும் அப்படித்தான் நினைக்கிறாள், அவனும் பகலில் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறான். கம்பியைத் தொட்டால் கை சொல்லிவிடும். வாய் சொன்ன பொய்யைக் கை சொல்லாது, அதற்கு அந்தப் பழக்கமில்லை.

“இப்ப நான் சொல்லித்தந்ததை மறந்துடுங்க” என்று நஸ்ரின் சொன்னது தூரத்திலிருந்து கேட்டது. இனி அரை மணி நேரம் யாரும் யாரையும் பார்த்துச் செய்யக்கூடாதாம், மனசில் தோன்றுவதைச் செய்ய வேண்டுமாம். ஒன்றும் தோன்றவில்லையே என்றார் பக்கத்து அம்மா. நஸ்ரின் சிரித்தாள். அவள் முதன்முதலில் சொந்தமாகச் செய்த தோடு கொசுவத்திச் சுருளைப் பார்த்துச் செய்ததாம், சாயந்திரம் ஏற்றி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது கை தானாகக் கம்பியை எடுத்ததாம், அதை வாங்கினவர்கள் எல்லாம் ஏதோ பழைய கோயில் டிசைன் என்று சொல்கிறார்களாம். தேடிக்கொண்டு போக வேண்டாம், தினம் பார்த்த ஏதோ ஒன்று விரலுக்குள் இருக்கும், அது வரும், வந்தால் தடுக்காதீர்கள் என்றாள். மணி டப்பா கைமாறி வந்தது. சிவப்பு, பச்சை, பழுப்பு, முத்து வெள்ளை. அவன் எதையும் யோசிக்காமல் இருக்க யோசித்துக்கொண்டே ஒரு மணியை எடுத்தான். பிலோமினாவுக்கு ஏதாவது செய்துகொண்டு போகலாம், சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன் என்று சொல்லாமல் இருக்கலாம். ஜன்னல் வழியாக யாரோ குக்கர் வைத்திருக்கும் சத்தம் வந்தது, மூன்றாவது விசிலுக்கு யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். மணியை இடது கையில் பிடித்துக்கொண்டு கம்பியை அதன் கழுத்தில் வைத்தான், மணிக்குக் கழுத்து மாதிரி ஒரு பள்ளம் இருந்தது, கம்பி அதில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. ஒரு சுற்று. முனையை அடியில் விட்டு மேலே எடுத்து, குறுக்கே போட்டு, மறுபக்கம் கொண்டுவந்து இறுக்கி. குறடு கையில் கனமில்லாமல் இருந்தது. மடங்காத இரண்டு விரலும் தள்ளி நின்று இடம் விட்டன. கம்பி நசுங்கவில்லை. இன்னொரு குறுக்கு. அது நன்றாக இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு ஒன்றைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நினைத்தான், நினைத்ததைக் கவனிக்கக்கூட இல்லை. இரண்டு பக்கமும் நெருக்க நெருக்கமாக ஆறு ஆறு சுற்று, கடைசிச் சுற்றின் நுனியை வெளியே நீட்டிக்கொண்டிருக்க விடாமல் உள்ளே மடித்து அழுத்தி.

உள்ளே மடித்து. அவன் கை நின்றது. கம்பத்து வேலையில் எல்லோரும் நுனியை வெட்டி அப்படியே விட்டுவிடுவார்கள். உள்ளே மடிப்பது காசி ஒருத்தன்தான். எதுக்குடா இந்த நேரக்கேடு என்று திட்டினால், அடுத்து ஏர்றவன் கையைக் கீறும்ல அண்ணே என்பான். சவரிமுத்து கையைத் திறந்து பார்த்தான். பழுப்பு மணி, பளபளவென்று மெருகோடு, கழுத்தில் பள்ளம். கம்பத்து உச்சியில் இருக்கும் பீங்கான் அது. சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருங்கி அவன் உள்ளங்கையில், தழும்பின்மேல் உட்கார்ந்திருந்தது, அதில் காசியின் கட்டு, அன்றைக்கு அவன் பாதியில் விட்ட கட்டு, முழுசாக. கீழே போட்டுவிடலாம். பிரித்துவிடலாம், குறடால் ஒரு வெட்டு. பதினான்கு மாதம் இதைத்தான் பயந்துகொண்டிருந்தான், எப்படியும் கை சொல்லும் என்று, சொல்லிவிட்டது, இவ்வளவு அழகாகச் சொல்லும் என்று தெரியாது. ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. நஸ்ரின் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பெண்கள் எழுந்து வந்தார்கள், ஒருவர் தன் கழுத்துச் சங்கிலியில் வைத்துப் பார்த்தார். நுனியே தெரியலையே, குத்தவே குத்தாது என்று தடவிப் பார்த்தார். “இது எங்கண்ணா கத்துக்கிட்டீங்க?” என்றாள் நஸ்ரின். கம்பத்து வேலை பார்த்தேன் என்று சொன்னான். நீங்களே யோசிச்சீங்களா என்று கேட்டாள். இதைப் படம் எடுத்துப் போட வேண்டும், யார் செய்தது என்று கீழே எழுத வேண்டும், உங்கள் பேரைப் போடட்டுமா என்று போனைக் கையில் எடுத்தாள். ரொம்பச் சின்னக் கேள்வி. ஆமாம் என்று சொன்னால் போதும். போட்டேன் சார் என்பதைவிடச் சின்னது. வந்துவிடும், அது எப்போதும் வந்துவிடும், உதட்டுக்கு வந்தும்விட்டது.

“என் பேரைப் போடாதம்மா” என்றான். வேறொருத்தனோட கட்டு என்றான். அப்படியென்றால் அவர் பேரைச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டாள். அவர் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து மொட்டைமாடிப் பக்கம் போனான். வெயிலில் தரை கொதித்தது. போனில் அமுதாவின் நம்பர் இருந்தது, பதினான்கு மாதமாக அவள் நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள், நாலு தடவையும் அடித்து ஓயும்வரை அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். எடுக்கமாட்டாள். சனிக்கிழமை, வேலைக்குப் போயிருப்பாள். எடுக்காவிட்டால் நல்லது, கூப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் எடுத்துவிட்டாள். அண்ணே, என்னண்ணே, பிலோ அக்கா நல்லாருக்காங்களா என்று கேட்டாள். அவன் கம்பி நகை பற்றிச் சொல்லத் தொடங்கினான், ஒரு பெண் படம் எடுக்கக் கேட்கிறது, காசி பேரைப் போடலாமா என்று கேட்டான், குரல் தன்னுடையது மாதிரி இல்லை, எங்கோ வழுக்கிக்கொண்டு போனது, நிறுத்தத் தெரியவில்லை, அவள் என்னண்ணே சொல்றீங்க, புரியலையே என்றாள். அப்போது சொல்லிவிட்டான்.

“அன்னைக்கு நான் ராடு போடலம்மா. வண்டியிலயே இருந்துச்சு. அவன் கேட்டான். நான்தான் ஏறுன்னேன்.”

போன் கட்டாகிவிட்டதா என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு ஸ்கூட்டர் போனது, அவள் தெருவிலா இந்தத் தெருவிலா என்று தெரியவில்லை. அழுவாள் என்று நினைத்தான். திட்டுவாள், காறித் துப்புவாள், எனக்குத் தெரியும்ணே என்பாள், எதுவாக இருந்தாலும் முடிந்துவிடும் என்று நினைத்தான்.

“இதை போன்ல சொல்லாதீங்க” என்றாள். குரல் உயரவில்லை. “நேர்ல வந்து என் முன்னால நின்னு சொல்லுங்க. அஞ்சு மணி வரைக்கும் வீட்லதான் இருப்பேன்.”

போன் நின்றுவிட்டது. அண்ணே என்று அவள் சொல்லவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். போகாமலும் இருக்கலாம். பஸ் கிடைக்கவில்லை, மயக்கம் வந்துவிட்டது, நாளைக்கு வருகிறேன் என்று எத்தனையோ இருக்கிறது. உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, துண்டின்மேல் சிதறியிருந்த வெட்டுத்துண்டுகளைப் பொறுக்கி ஒரு காகிதத்தில் போட்டான், காலில் குத்தும். நஸ்ரின் மணியை ஒரு சின்ன உறையில் போட்டு நீட்டினாள். என்ன சொன்னாங்க என்று அவள் கேட்கவில்லை, அவன் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். பேர் மட்டும் அப்புறம் சொல்லுங்க, அவசரமில்லை என்றாள். படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கினான்.

மெயின்ரோட்டில் பஸ் உடனே வந்தது. பத்து நிமிஷமாவது ஆகும் என்று நம்பியிருந்தான். மூன்றாவது சீட்டில் ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தான். எப்படி நிற்பாள், வாசலிலா, உள்ளே கூப்பிடுவாளா, எந்த வார்த்தையை முதலில் சொல்வது, அவள் மகள் வீட்டில் இருக்குமா, அதன் முன்னாலேயுமா சொல்லச் சொல்வாள். சட்டைப்பையில் உறை ஒவ்வொரு குலுக்கலுக்கும் நெஞ்சில் பட்டது. இதைக் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் எதையோ கேட்பது மாதிரி ஆகிவிடும், அவள் கேட்டால் மட்டும் காட்டலாம். கண்டக்டர் பக்கத்தில் வந்து எங்கே என்றார். சவரிமுத்து வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. அவர் குனிந்து, கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லுங்களேன் என்றார்.

“எடமலைப்பட்டி புதூர்” என்றான், முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. “ஒண்ணு.”